பால்காரரைப் பார்த்தும் குரைக்கிறதா உங்கள் மனசு?

ஒரு மஞ்சப்பை நிறைய ஈ.சி.ஜி. காகிதங்கள். அதை அப்படியே என் மேஜை மேல் கவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார் அந்தப் பெண்மணி. வயது 36. கூட்டுறவு வங்கியில் வேலை.

"எண்ணிப் பாருங்க டாக்டர், பதினொண்ணு இருக்கு. எல்லாமே நார்மலாம். எக்கோவும் எடுத்தாச்சு. அப்ப எனக்கு வர்றது என்னதான்? நான் என்ன, நடிக்கிறேனா?"

பக்கத்தில் நின்ற கணவர் சங்கடமாகச் சிரித்தார். "ஒண்ணுமில்ல டாக்டர்... சும்மா மனசுதான். நானும் சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கா."

அந்தப் பெண்மணியின் கண்கள் சட்டென்று நிறைந்தன. ஆனால் அழவில்லை. அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசகர்களே, 'சும்மா மனசுதான்' என்ற இந்த வார்த்தையை நான் முப்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிறுநீரகத்தில் கல் என்றால் 'சும்மா கிட்னிதான்' என்று யாராவது சொல்கிறோமா? மனசுக்கு மட்டும் ஏன் இந்தச் 'சும்மா'?

ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்றால், இதயத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். அந்த மனிதருக்கே ஒன்றும் இல்லை என்று பொருள் இல்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

எப்படி ஆரம்பித்தது?

அவரிடம் பொறுமையாகக் கேட்டேன். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று ராத்திரி சரியான தூக்கம் இல்லை. நாலாவது நாள் காலை டிபன் சாப்பிடாமல், இரண்டு டம்ளர் காபியோடு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்திருக்கிறது. தொண்டை அடைத்தது. கை விரல்கள் மரத்துப்போயின. வேர்த்துக் கொட்டியது. 'இதோ, செத்துப்போகப் போகிறோம்' என்ற நினைப்பு வேறு. பாதி வழியில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஈ.சி.ஜி. நார்மல்!

பத்து நாள் கழித்து மறுபடியும். அதற்குப் பிறகு பஸ்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. அடுத்து, ரேஷன் கடை வரிசை. அடுத்து, கல்யாண மண்டபம்... போனாலும் கதவோரம்தான் உட்காருவார். பிறகு கோயில் கூட்டம். கடைசியில், கணவர் வண்டியில் கொண்டுபோய் விட்டால்தான் வேலைக்கே போவேன் என்ற நிலை.

கவனியுங்கள். அந்தப் படபடப்பு வந்ததெல்லாம் மாதத்துக்கு இரண்டு தடவை. கூட்டிப் பார்த்தால் மொத்தமே ஒரு மணி நேரம். ஆனால் 'வந்துவிடுமோ' என்ற பயம் மாதம் முப்பது நாளும் இருந்தது! அவரை முடக்கிப்போட்டது அந்த ஒரு மணி நேரம் அல்ல, மிச்சமுள்ள முப்பது நாள்.

ஆங்கில மருத்துவத்தில் இந்தத் திடீர் பீதியை 'பானிக் அட்டாக்' என்கிறார்கள். வாழ்க்கையில் ஓரிரு முறை இது யாருக்கும் வரலாம். திரும்பத் திரும்ப வந்து, வந்துவிடுமோ என்ற பயத்தில் வாழ்க்கையே சுருங்கினால் அது நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்!

'ஓகோ, எனக்கும் இதுதான்' என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். ரத்தசோகை, ரத்தத்தில் சர்க்கரை தாழ்வது, இதயத் துடிப்பின் தாளம் தவறுவது... இவற்றாலும் வரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, மூக்கடைப்பு மாத்திரைகள் சிலருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. நடந்தால் வலித்து உட்கார்ந்தால் குறைகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருக்கிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடம்பில் கோளாறு இல்லை என்று ஒரு நல்ல மருத்துவர் முறையாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் அடுத்துச் சொல்லப்போவது பொருந்தும்.

வாசலில் ஒரு நாய்

நம் ஒவ்வொருவர் மூளைக்குள்ளும் ஒரு காவல் நாய் படுத்திருக்கிறது. மூளையின் ஆழத்தில், இரண்டு காதுகளுக்கும் உள்பக்கமாக, பாதாம் பருப்பு வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பகுதி உண்டு. அதன் பெயர் அமிக்டலா. ஆபத்து வருகிறதா என்று பார்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

முட்ட வரும் மாட்டைப் பார்க்கிறீர்கள். யோசித்தா ஓடுகிறீர்கள்? கால் தானாக ஓடுகிறது. காவல் நாய் குரைத்த உடனே நரம்புகள் வழியாகச் செய்தி பறக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. தொடைக்கும் கைக்கும் ரத்தம் வேண்டுமே, அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. ஓடும் உடம்பு சூடாகாமல் இருக்க வேர்க்கிறது. 'இப்போது சாப்பாடு செரிப்பதா முக்கியம்?' என்று வயிறு வேலையை நிறுத்துகிறது. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது.

இவ்வளவும் நம்மைக் காப்பாற்ற நடப்பது! மாடு துரத்தும்போது இது வரம். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வந்தால்? ஓடத் தயாரான உடம்பை நாம் சீட்டில் உட்கார வைத்திருக்கிறோம். ஓடாமல் மூச்சை மட்டும் வேகமாக விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் இதனால்தான். பக்கவாதமோ என்று பயப்படுகிறோம். பயந்தால் நாய் இன்னும் குரைக்கும். இன்னும் படபடக்கும்... செக்கு மாடு மாதிரி ஒரே சுற்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'மயங்கி விழுந்துவிடுவேன்' என்று பலர் பயப்படுகிறார்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. பீதியிலோ அழுத்தம் ஏறுகிறது. ஆகவே தலை சுற்றினாலும் விழுவது அபூர்வம். (ரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்குபவர்கள் கதை வேறு.)

சித்தர்கள் பார்த்த மனசு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் 96 தத்துவங்களை மனப்பாடம் செய்தபோது, 'பரீட்சைக்குத்தானே' என்று நினைத்தேன். வைத்தியம் செய்ய உட்கார்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அதில் அந்தக்கரணம் என்று நான்கு உண்டு. மனம், புத்தி, சித்தம், அகங்காரம்.

மனம் ஒன்றைப் பற்றி நினைக்கிறது. புத்தி அதை ஆராய்கிறது. அகங்காரம் 'நான், எனக்கு' என்று அதை ஒட்டவைத்துக்கொள்கிறது. சித்தம் முடிவெடுத்துச் செய்ய வைக்கிறது.

பஸ்ஸில் அந்தப் பெண்மணிக்கு நடந்ததை இந்தக் கணக்கில் பாருங்கள். மனம், 'நெஞ்சு வேகமாக அடிக்கிறதே' என்றது. அகங்காரம், 'எனக்குத்தான் வந்துவிட்டது, நான் சாகப்போகிறேன்' என்றது. சித்தம், 'இறங்கு' என்றது. புத்தி எங்கே போயிற்று? 'ஏ, போன தடவையும் இப்படித்தானே வந்தது, அரை மணியில் அடங்கிவிட்டதே' என்று சொல்ல வேண்டிய அந்தப் புத்தி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது!

காவல் நாய் குரைத்து முடித்த பிறகே முன்மூளை நிதானமாக யோசிக்கிறது என்று இன்றைய மூளை அறிவியலும் சொல்கிறது. இரண்டும் ஒன்றே என்று நான் சாதிக்கவில்லை. புத்தி லேட்டாக வரும் என்பதைப் புரிந்துகொண்டால் போதும். அதுவரை சித்தம் அவசரப்படாமல் இருக்கப் பழக்குவதுதான் வைத்தியம்.

நாய் கற்கும் தப்புப் பாடம்

விடியற்காலையில் பால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் பாலை ஊற்றிவிட்டுத் தன் பாட்டில் போகிறார். நாய் என்ன நினைக்கும்? 'நான் குரைத்தேன், அதனால்தான் ஓடிப்போனான்!' மறுநாள் இன்னும் பலமாகக் குரைக்கும்.

பீதி உச்சத்தில் இருக்கும்போது பஸ்ஸைவிட்டு இறங்கினால் நடப்பதும் இதுதான். இறங்கியதும் நிம்மதி. 'பார்த்தாயா, இறங்கினாய், பிழைத்தாய்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்தாலே குரைக்கும். ஒவ்வொரு முறை தப்பி ஓடும்போதும் நாம் பயத்துக்குத் தீனி போடுகிறோம்.

சரி, நாயை என்ன செய்வது? அடிக்கலாமா? கட்டிப்போடலாமா? வேண்டாம். அது வேண்டிய நாய். நிஜத் திருடன் வரும்போது குரைக்க வேண்டுமே! பால்காரரைத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். நாய் குரைக்கும், குரைக்கும், பிறகு சலித்துப்போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து நாள் இப்படி நடந்தால் வாலாட்டும்.

பீதி வரும்போது...

1. பெயர் சொல்லுங்கள். 'வந்திருப்பது அதுதான். பயமாக இருக்கும், ஆபத்து இல்லை' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

2. மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். அடக்கி வைக்க வேண்டாம். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடும் பழைய வழக்கம் இப்போது வேண்டாம் என்கிறார்கள். வந்திருப்பது இதயக் கோளாறாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அது ஆபத்து.

3. இறுகிய தோளைத் தளர்த்துங்கள். இரண்டு பாதங்களும் தரையில் படுவதைக் கவனியுங்கள்.

4. கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அலை ஏறினால் இறங்கித்தான் தீரும்.

5. செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். ஓடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சி பீதியை விரட்டும் மந்திரம் அல்ல. விரட்ட நினைத்தாலே அதனோடு மல்லுக்கு நிற்பதாகிவிடும். வந்த விருந்தாளி போகும்வரை பொறுத்திருக்க அது துணை, அவ்வளவுதான். வந்த பிறகு கற்க முடியாது. தினமும் காலை ஐந்து நிமிடம், நன்றாக இருக்கும்போதே பழகுங்கள்.

படி வைத்து ஏறுங்கள்

எதற்குப் பயப்படுகிறீர்களோ அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரியுங்கள். அந்தப் பெண்மணிக்கு நாங்கள் போட்ட படிகள் இவை. முதல் வாரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டு வருவது. அடுத்து, கணவரோடு ஒரே ஒரு ஸ்டாப். பிறகு, கணவர் வண்டியில் பின்னால் வர, இவர் மட்டும் பஸ்ஸில். பிறகு தனியாக. ஒரு படி சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி. ஒரே ஒரு நிபந்தனை: பயம் பாதியாவது இறங்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்த முறையில் தேர்ந்த மனநல ஆலோசகர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

கூடவே சில சின்ன மாற்றங்கள். காலை டிபனைத் தவறவிடக் கூடாது. காபி ஒரு வேளையோடு சரி, சாயங்காலம் சுக்குமல்லி. தினமும் அரை மணி வேக நடை. நடக்கும்போதும் நெஞ்சு வேகமாக அடிக்கும் அல்லவா? 'வேகமாக அடிப்பதெல்லாம் ஆபத்து இல்லை' என்று நாய் அதில் கற்றுக்கொள்ளும். வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல் உடம்பைத் தளர்த்தும், ராத்திரி தூக்கத்துக்கு உதவும். ஆனால் அதுவே இந்த நோயைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: 'ஒரு பெக் போட்டால் சரியாகிவிடும்' என்பது கடன் வாங்கிக் கடன் அடைப்பது. மறுநாள் படபடப்பு வட்டியோடு வரும்.

மருந்து விஷயத்தில் நான் செய்த தவறு

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லியாக வேண்டும்.

கிளினிக் தொடங்கிய புதிதில் ஓர் இளைஞர் வந்தார். மனநல மருத்துவரிடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க மருந்து ஆரம்பிச்சுட்டா அந்த இங்கிலீஷ் மாத்திரையை விட்டுடலாமா டாக்டர்?" என்று கேட்டார். நான் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'கூடாது' என்றும் சொல்லவில்லை. நம் மருந்தின் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று உள்ளூர ஒரு பெருமை. பேசாமல் சூரணத்தை எழுதிக் கொடுத்தேன்.

என் மௌனத்தை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். சில நாளில் தூக்கம் போயிற்று, தலைசுற்றல், முன்னைவிடப் பலமான பீதி. ஒரு ராத்திரி பத்து மணிக்கு அவருடைய தாயார் கையைப் பிடித்து அழைத்து வந்தார். என்னைத் திட்டவில்லை. "உங்களை நம்பித்தானே ஐயா வந்தோம்" என்றார். அவ்வளவுதான். இன்றும் காதில் கேட்கிறது. அவரை அதே மனநல மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். மெல்லத் தேறிவிட்டார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, 'இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்பதுதான். சீட்டின் மேலேயே எழுதிவிடுகிறேன்: மனநல மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பீதி நோய்க்கு மனநல மருத்துவர்கள் தரும் முக்கிய மாத்திரைகள் முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடினாலும் கூடலாம். அதைக் கண்டு பயந்து பாதியில் விடுபவர்கள் அதிகம். நன்றாக ஆன பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உடனே நிம்மதி தரும் தூக்க மாத்திரை வகை வேறு. அவை பழக்கமாகிவிடும். அவற்றையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

எங்கள் சித்த மருத்துவத்தில் அமுக்கரா, நீர்ப்பிரமி, வல்லாரை என்று மனசுக்கு இதமான மூலிகைகள் உண்டு. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 'மூலிகைதானே' என்று நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அமுக்கரா, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். தைராய்டு மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் கண்டிப்பாகக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இரண்டு வைத்தியருக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும். ஒளிக்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு...

'ஒண்ணுமில்ல, தைரியமா இரு' என்று சொல்லாதீர்கள். தைரியம் இல்லாததால் வந்த நோய் அல்ல இது. 'பயமா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன். கொஞ்ச நேரத்துல இறங்கிடும்' என்று சொல்லுங்கள்.

அதே சமயம், அவர் பயப்படும் வேலையையெல்லாம் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். அன்பாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் அதுவும் நாய்க்குத் தீனிதான். கூடப் போங்கள், பதிலாகப் போகாதீர்கள்.

அழுதால் தடுக்காதீர்கள். பசி, தும்மல், தூக்கம் என்று அடக்கக் கூடாத 14 வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று! அந்தப் பெண்மணியின் கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மனைவி பக்கத்தில் வைத்தார். அதன் பிறகுதான் அந்த அம்மா வாய்விட்டு அழுதார்.

எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வருகிறது என்றால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

மஞ்சப்பை என்ன ஆயிற்று?

மனநல மருத்துவரின் மாத்திரை, ஆலோசகரின் பயிற்சி, நான் சொன்ன உணவும் மூச்சும்... எல்லாம் சேர்ந்து எட்டு மாதம். ஒரு நாள் அந்தப் பெண்மணி கையில் இலை விபூதியோடு வந்தார்.

"திருச்செந்தூர் போயிட்டு வர்றேன் டாக்டர். தனியா. பஸ்ல!"

"வந்துச்சா?"

"வந்துச்சு. செய்துங்கநல்லூர் தாண்டுறப்ப நெஞ்சு தடதடன்னுச்சு. இறங்கிடலாமான்னு கம்பியைப் பிடிச்சுட்டேன். அப்புறம், சரி, குரைச்சுட்டுப் போவட்டும்னு உக்காந்துட்டேன். ஆழ்வார்திருநகரி வர்றதுக்குள்ள படுத்துக்கிட்டுது."

குணமாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? நாய் இன்னமும் வாசலில்தான் இருக்கிறது. எப்போதாவது குரைக்கும். ஆனால் அது குரைக்கிறதே என்று அவர் இப்போது வீட்டைவிட்டு ஓடுவதில்லை. அந்த மஞ்சப்பையில் இப்போது காய்கறி வாங்குகிறாராம்!